அதற்கும் வேண்டும் நெல்லிக்கனி

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், அம்பாசமுத்திரத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு பாபநாசம் சென்றிருந்தோம். தாமிரபரணியின் படித்துறையில் பிள்ளைகள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையிலே ஓர் ஆச்சி கூடையில் மலைநெல்லிக்காயை வைத்துக்கொண்டு, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி விற்றுக்கொண்டிருந்தாள். பையன் ஒருவன் காயை வாங்கி வாய்க்குக் கொண்டு போவதற்குள், மதிலிலிருந்து ஒரு நாட்டுக்குரங்கு தாவி, அதைப் பறித்துக்கொண்டு போய் மருதமரத்தில் ஏறிக்கொண்டது. பையன் அழாக் குறையாக நின்றான். ஆச்சி சிரித்தாள்.

"போனாப் போவுதுய்யா. அதுக்கும் வேணும்லா!" என்று சொல்லி, வேறொரு காயை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

பக்கத்தில் நின்ற மற்றொரு மாணவன் நம்மைப் பார்த்து, "சார், மனுஷனும் குரங்கும் ஒரே வம்சம் என்று வகுப்பில் சொன்னீர்களே, அதைக் கண்ணால் பார்த்த சாட்சி யாராவது உண்டா?" என்று கேட்டான். ஆச்சியும் நிமிர்ந்து பார்த்தாள். வாத்தியார் என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று அவளுக்கும் ஓர் ஆவல் போலும்.

அன்று பஸ் வரும் நேரமாகிவிட்டது. சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு வந்தோம். ஆனால், வீடு வந்து யோசிக்கையில், பையன் கேட்ட கேள்விக்கு ஆச்சியே விடை கூறிவிட்டாள் என்பது விளங்கிற்று. "அதற்கும் வேண்டும்" என்றாளே, அதுதான் விடை. எப்படி என்பதை நேயர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

கப்பல்காரர்களின் கொடும்பிணி

நெல்லிக்காயில் நிறைந்திருப்பது 'ஸி' வைட்டமின் என்னும் ஜீவசத்து. அது உடம்பில் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை உலகத்துக்கு முதலில் பெரிய அளவில் காட்டியவர்கள் கப்பல் மாலுமிகள். மாதக்கணக்காக உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியும் தின்று கடலில் கிடந்தவர்களுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண்ணும் வாய் திறக்கும், முடிவில் உயிர் போகும். இதற்கு ஸ்கர்வி என்று பெயர். கள்ளிக்கோட்டைக்கு வழி கண்டு வந்த வாஸ்கோ ட காமாவின் ஆட்களும் இந்நோயால் மடிந்திருக்கிறார்கள்.

1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற 12 பேரை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடிகளாக்கி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடியே விரைவில் தேறி எழுந்தது. எனினும், ஆங்கிலக் கடற்படையில் எலுமிச்சை ரசம் வழக்கத்துக்கு வர 1795-ஆம் ஆண்டாயிற்று. உண்மை கண்டுபிடிக்கப்படுவது ஒரு காரியம். அதிகாரிகள் அதை ஒப்புக்கொள்வது வேறு காரியம்!

நம் தேசத்திலும் இக்கதை உண்டு. 1939-40-ல் அக்காலத்துப் பஞ்சாபைச் சேர்ந்த ஹிஸார் ஜில்லாவில் பெரும் பஞ்சம் வந்தபோது ஸ்கர்வி பரவிற்று. அப்போது உலர்த்திய நெல்லிக்காயைக் கொடுத்தே பலரைக் குணப்படுத்தினார்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லி வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை.

இந்தச் சத்து உடம்பில் செய்யும் வேலை என்ன? தோல், ஈறு, எலும்பு, இரத்தக் குழாய் யாவற்றையும் கட்டி நிறுத்துவது கொலாஜன் என்னும் நார்ப்பொருள். அந்த நார் உறுதியாக முறுக்கேறுவதற்கு 'ஸி' வைட்டமின் தேவை. அது இல்லையேல், கூரைக் கழிகள் இருந்தும் கட்டுக்கயிறு இற்றுப்போன வீட்டின் கதிதான். ஸ்கர்வி வராமல் தடுக்க நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும். நல்ல ஆரோக்கியத்துக்கு ஆணுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கூறியது.

பசு ஏன் எலுமிச்சை கேட்பதில்லை?

இங்கேதான் ஒரு வேடிக்கை. நம் வீட்டுப் பசு வைக்கோலைத் தின்கிறது. நாய் நாம் போடும் சோற்றைத் தின்கிறது. மச்சிலே ஓடும் எலி நெல்லைத் தின்கிறது. இவற்றில் எதற்கும் ஸ்கர்வி வருவதில்லை. காரணம், இவை 'ஸி' வைட்டமினைத் தாமே செய்துகொள்கின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து, படிப்படியாக மாற்றி, கல்லீரலிலேயே இச்சத்தைச் சமைத்துக்கொள்கின்றன. தவளையும் பல்லியும் கோழியும் அதே சமையலைச் சிறுநீரகத்தில் நடத்துகின்றன.

அந்தச் சமையலில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சமையற்காரன் உண்டு. அவனுக்கு என்ஸைம் என்று பெயர். கடைசிப் படிக்கு உரிய என்ஸைம் குலோனோலாக்டோன் ஆக்ஸிடேஸ் எனப்படுவது. நீண்ட பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். 'கடைசிச் சமையற்காரன்' என்றே நாம் அழைப்போம். மனிதனிடமும், குரங்கினிடமும், கினி எலியினிடமும் இல்லாதது இந்தக் கடைசிச் சமையற்காரன்தான் என்று 1957-ல் பர்ன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எழுதினார். முன் படிகளுக்கு உரியவர்கள் நம் உடம்பில் இருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது, பாத்திரம் இருக்கிறது, இறக்கி வைப்பவன் மட்டும் இல்லை.

இத்துறையில் பாரத நாட்டவர் செய்த தொண்டை நம்மவர் பலர் அறியார். கல்கத்தா சர்வகலாசாலையில் பிரயோக ரசாயனப் பேராசிரியராக விளங்கிய டாக்டர் பீரேஷ் சந்திர குஹா (1904-1962), கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸிடம் பயின்றவர். அவரும் அவருடைய சகாக்களும் 1950-களில் எந்தெந்தப் பிராணி இச்சத்தைச் செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தனர். நம் தோட்டத்து வேலியில் வந்து கூவும் கொண்டைக்குருவி இதைச் செய்ய இயலாத பறவை என்று 1958-ல் வெளியிட்டவர்கள் அவர்களே. ஒரு பறவைக்கு ஸ்கர்வி வரும் என்று அதுவரை யார் எண்ணினார்கள்? அவருடைய வழியில் வந்த இந்து பூஷண் சாட்டர்ஜி, தவளை முதல் மனிதன் வரை இத்திறமை எங்கே தோன்றி, எங்கே இடம் மாறி, எங்கே மறைந்தது என்னும் வரலாற்றைத் தொகுத்து 1973-ல் உலகப் பிரசித்தமான 'ஸயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார். பரிணாம சாஸ்திரம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு அதில் பங்கில்லை என்று பேசுவோர் இதைக் கொஞ்சம் கவனிப்பார்களாக.

ஏட்டிலே ஒரு பிழை

கடைசிச் சமையற்காரனைச் செய்வதற்கு உரிய குறிப்பு, ஒவ்வோர் உயிரணுவிலும் ஜீன் என்னும் மரபணுவாக எழுதப்பட்டிருக்கிறது. நம்மிடம் அந்தச் சமையற்காரன் இல்லையென்றால், குறிப்பே இல்லை என்றுதானே நினைப்போம்? அப்படியன்று. 1994-ல் நிஷிகிமி என்னும் ஜப்பானியரும் அவர் குழுவினரும் மனிதனிடம் அக்குறிப்பைத் தேடினர். எட்டாவது குரோமொசோமில் அது கிடந்தது, பாழடைந்த கோவிலைப் போல. எலியிடம் 12 பகுதிகளாக முழுமையாக உள்ள அந்த ஜீனில், மனிதனிடம் பல பகுதிகளைக் காணோம். எஞ்சிய பகுதிகளிலும் எழுத்துகள் சிதைந்து கிடந்தன. படிக்க முடியும், பயன்படுத்த முடியாது.

1999-ல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றனர். மனிதன், சிம்பன்ஸி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு ஆகிய நால்வரிடமும் உள்ள சிதைந்த ஏட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டனர். பத்தாவது பகுதியில், நால்வருக்கும், அதே இடத்தில், ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது!

ஓர் எழுத்துதானே என்று எண்ணலாகாது. ஜீனின் மொழியை மும்மூன்று எழுத்தாகவே படிக்க வேண்டும். 'படகு கடல் மணல்' என்று எழுதியிருப்பதில் 'கு' மட்டும் விழுந்துவிட்டால், மும்மூன்றாகப் படிக்கிறவன் 'படக டல்ம ணல்' என்று உளறுவான். ஓரிடத்துப் பிழை அதற்குப் பின்னுள்ள அத்தனையையும் கெடுத்துவிடுகிறது.

இதன் பொருளை விளக்க, நம் தமிழ் நாட்டு உதாரணமே போதும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி ஆழ்வார்திருநகரி வரை வந்தார்கள் அல்லவா? பழைய நூலைப் பதிப்பிக்கிறவர்கள் பல சுவடிகளை ஒப்பிடுவார்கள். இரண்டு சுவடிகளில் ஒரே பாட்டு சரியாக இருந்தால், அதனால் அவற்றின் உறவு விளங்காது. சரியான பாடம் எல்லாச் சுவடியிலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால், இரண்டிலும் அதே வரியில், அதே எழுத்து விடுபட்டிருந்தால்? இரண்டையும் ஒரே மூல ஏட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்று எளிதில் துணியலாம். பரீட்சைத் தாள் திருத்தும் எமக்கும் இது தெரிந்ததே. இரு பிள்ளைகள் சரியான விடை எழுதினால் இருவரையும் பாராட்டுவோம். அடுத்தடுத்து உட்கார்ந்த இருவர் ஒரே விசித்திரமான தவற்றை ஒரே இடத்தில் எழுதினால், இருவரையும் எழுந்து நிற்கச் சொல்வோம்!

மனிதனும் குரங்கும் எழுந்து நிற்கும் காரணம் அதுவே. நம் ஏடும் அதன் ஏடும் ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை. அந்த மூல ஏட்டை வைத்திருந்தவர் மனிதரும் அல்லர். இன்றைய குரங்கும் அல்லர். இருவருக்கும் பொதுவான முன்னோர். ஆகையால் குரங்கு நம் பாட்டன் அன்று, தாயாதி. இந்த ஜீன் கெட்டுப்போய் ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகள் ஆயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கெட்ட ஜீனை வைத்துக்கொண்டு அந்த முன்னோர் எப்படிப் பிழைத்தனர் என்று கேட்கலாம். அவர்கள் மரத்தில் வாழ்ந்து, பழமும் தளிரும் தின்றவர்கள். வேண்டிய சத்து வாய் வழியே தாராளமாக வந்தபோது, வீட்டுச் சமையற்காரன் இறந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை! பயன்படாத ஏட்டைத் திருத்துவாரும் இல்லை. எனவே காலப்போக்கில் பிழைமேல் பிழையாகச் சேர்ந்துகொண்டே வந்தது.

குறுக்கு விசாரணை

நல்ல சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே தீரவேண்டும். "கினி எலிக்கும் இதே குறை உண்டே! அப்படியானால் அதுவும் நம் தாயாதியோ?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அந்த ஏட்டிலேயே இருக்கிறது. கினி எலியின் ஜீனும் சிதைந்ததே. ஆனால், இடிந்த சுவர்கள் வேறு. அதில் காணாமற்போன பகுதிகள் வேறு; நம்மிடம் காணாமற்போனவை வேறு. அதன் சிதைவின் வயதும் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் ஆண்டுகளே. இரண்டு வீடுகள் இடிந்திருக்கலாம். ஒன்று வெள்ளத்தில் இடிந்தது, மற்றொன்று தீயில் இடிந்தது. வௌவால்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்திறமை இல்லை. சிலவற்றுக்கு மட்டும் ஜீன் இன்னும் கெடாமல் இருக்கிறது. அங்கே வீடு நம் கண் முன்னே இடிந்துகொண்டிருக்கிறது எனலாம். ஓர் எழுத்து தற்செயலாக இரண்டு இனங்களில் ஒரே மாதிரி கெடுவதும் உண்டுதான். ஆதலால் சாஸ்திரிகள் ஓர் எழுத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை; சிதைவின் முழு அமைப்பையும், இதுபோன்று செத்துக் கிடக்கும் வேறு பல ஜீன்களையும் சேர்த்துப் பார்த்தே சொல்கிறார்கள்.

இன்னொரு சாட்சியை நம் மலையிலிருந்தே அழைப்போம். அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே கண்ணை உயர்த்தினால் தெரியும் களக்காடு - முண்டந்துறை மலை, 1988-ல் புலிகள் காப்பகமாயிற்று. தமிழ் நாட்டின் முதற் புலிகள் காப்பகம் அதுவே. அங்கே புலி மட்டுமன்று; குரங்கு வர்க்கத்தில் ஐந்து இனங்கள் வாழ்கின்றன. நம் கையிலிருந்து பறித்துத் தின்னும் நாட்டுக்குரங்கு, சோலைக்காட்டுச் சிங்கவால் குரங்கு, கருமந்தி, சாம்பல் நிற மந்தி, இரவில் உலவும் தேவாங்கு ஆகியவை அவை.

முதல் நான்கும் நம்மைப் போலவே ஜீனைப் பறிகொடுத்த கிளையைச் சேர்ந்தவை. தேவாங்கின் கிளையோ அதற்கு முன்பே பிரிந்துபோனது. அக்கிளையைச் சேர்ந்த பிராணிகள் இன்றும் 'ஸி' வைட்டமினைத் தாமே செய்துகொள்கின்றன. இது நாம் சௌகரியத்துக்காகச் சொல்லும் கதையன்று என்பதற்கு மற்றோர் அடையாளம் மூக்கிலே இருக்கிறது. தேவாங்கின் மூக்கு நாயின் மூக்கைப் போல ஈரமானது. நாட்டுக்குரங்கின் மூக்கும் நம் மூக்கும் வறண்டவை. மூக்கை வைத்து உறவு பார்த்த பழைய பிராணி நூலாரும், கல்லீரலை வைத்து உறவு பார்த்த ரசாயன நூலாரும், ஜீனை வைத்து உறவு பார்த்த புது நூலாரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே வம்சாவளியை எழுதியிருக்கிறார்கள். தனித்தனியே விசாரிக்கப்பட்ட மூன்று சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் எந்த நீதிபதிதான் நம்பமாட்டார்?

அந்தத் தேவாங்கை மூடநம்பிக்கையால் பிடித்துக் கொல்வோர் நம் நாட்டில் இருந்து வந்திருக்கிறார்கள் என்பது வெட்கத்துக்குரியது. கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் கடவூர்ப் பக்கத்துக் காட்டை 2022-ல் தேவாங்குக்கென்றே சரணாலயமாகத் தமிழ் நாட்டுச் சர்க்கார் அறிவித்தது நல்ல காரியம்.

இதனால் நமக்கு என்ன?

இவ்வளவும் படித்த ஒரு தாய்மார், "எங்கள் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு? கணக்கும் இங்கிலீஷும் போதாதா?" என்று கேட்கக்கூடும். அப்படி நினைப்பவர் அவர் மட்டும் அல்லர். 2023-ல் வெளியான மத்தியப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் சுமையைக் குறைப்பதற்காகவாம்! 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இது தகாது என்று கையெழுத்திட்டார்கள். பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்தை விட்டுவிடும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் தம் குலத்தின் கதையை அறியாமலே வாழ்ந்து முடிய வேண்டுமா? உறவைத் தெரிந்துகொள்வதைச் சுமை என்று நாம் ஒப்பமாட்டோம்.

ஏனெனில், இந்தச் சிறிய சிதைந்த ஏடு இன்னொரு பெரிய பாடத்தையும் சொல்கிறது. அக்கிரகாரத்தில் பிறந்தவர் கல்லீரலிலும் இந்த ஜீன் கெட்டேதான் இருக்கிறது. சேரியில் பிறந்தவர் கல்லீரலிலும் அப்படியே. வெள்ளைக்காரத் துரையின் உடம்பிலும், ஆப்பிரிக்கரின் உடம்பிலும், சீனரின் உடம்பிலும் அதே ஏடு, அதே பிழை. தம் இரத்தம் உயர்ந்தது என்று மார் தட்டுவோர், தம் உடம்பில் ஒரு நாளைய 'ஸி' வைட்டமினைத் தாமே செய்து காட்டட்டும், பிறகு பேசலாம். பஞ்சம் வந்தால் எல்லாருடைய ஈறும் ஒரே மாதிரிதான் இரத்தம் கசியும். நெல்லிக்கனி கொடுத்தால் எல்லாரும் ஒரே மாதிரிதான் பிழைப்பார்கள். மனித சமத்துவத்துக்கு இதைக் காட்டிலும் அழிக்க முடியாத கல்வெட்டு வேறென்ன வேண்டும்?

குரங்கோடு உறவு சொல்வது இழிவு என்று சிலர் மனம் நோகிறார்கள். சனிக்கிழமைதோறும் அனுமாருக்கு வடைமாலை சாத்தும் நாம் இவ்வாறு கூசுவது விந்தையே. இராமன் வானர அரசனைச் சகோதரனாக ஏற்றதைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கிறோம். சாஸ்திரம் அதையே வேறு வழியில் சொன்னால் முகம் சுளிக்கிறோம்! தெய்வ நம்பிக்கையைக் காப்பதற்கு உண்மையை மறைக்க வேண்டும் என்று கருதுவது அந்த நம்பிக்கைக்கும் பெருமை தருவதன்று.

அடுத்த வாரம் வகுப்பில் பையனுக்கு விடை சொன்னோம். "கண்ணால் பார்த்த சாட்சி இல்லை, தம்பி. ஆனால், பார்த்ததைவிட நம்பத்தக்க சாட்சி உன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. சரியாக எழுதியதைக் கொண்டு அன்று, தவறாக எழுதியதைக் கொண்டு உறவைக் கண்டுபிடித்தார்கள்" என்றோம். அவன் சற்று நேரம் யோசித்தான். பிறகு, "அப்படியானால் அன்றைக்கு ஆச்சி சொன்னது சரிதான், சார். அந்தக் குரங்குக்கும் வேண்டியிருந்திருக்கிறது" என்றான். நெல்லிக்காய் பறிகொடுத்த பையன் மட்டும், "அதுக்காக என் காயையா பறிக்கணும்?" என்று முணுமுணுத்தான்.

தாயாதிகளுக்குள் பாகத் தகராறு வருவது சகஜந்தானே!